கூடுதல் தண்டனைக்கான காரணத்தை யார் தீர்மானிப்பது: ஜூரியா, நீதிபதியா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் என்று ஓர் ஊர். 1994 டிசம்பர் 22 அன்று, பின்னிரவு இரண்டு மணி தாண்டிய நேரத்தில், சார்ல்ஸ் அப்ரெண்டி என்பவர் அங்கே ஒரு வீட்டை நோக்கித் துப்பாக்கியால் பலமுறை சுட்டார். வெள்ளையர்கள் மட்டுமே வசித்து வந்த பகுதிக்குப் புதிதாகக் குடிவந்த கறுப்பினக் குடும்பத்தின் வீடு அது. குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். சட்டவிரோத நோக்கத்தோடு துப்பாக்கி வைத்திருந்த அந்தக் குற்றத்துக்குச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை. ஆனால் அந்த மாநிலத்தின் வெறுப்புக் குற்றச் சட்டம் இன்னொன்றும் சொன்னது: இனத்தின் பெயரால் மிரட்டும் நோக்கம் இருந்ததாக நீதிபதி முடிவு செய்தால் அது 10 முதல் 20 ஆண்டாகலாம். நீதிபதி தனியாக விசாரித்தார். குடித்திருந்தேன், இனவெறி காரணமில்லை என்றார் அப்ரெண்டி. ஆரம்பத்தில் கொடுத்த வாக்குமூலம் அப்படி இல்லையே என்றார் காவல் அதிகாரி. நீதிபதி காவல் அதிகாரியை நம்பினார். 12 ஆண்டு.

அப்ரெண்டி செய்த காரியத்தை நியாயப்படுத்த எதுவும் இல்லை. ஆனாலும் 10 ஆண்டு என்ற உச்சவரம்பைத் தாண்டிப் போன அந்த இரண்டு ஆண்டு எதன் மீது நிற்கிறது? பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேர் குழுவான ஜூரியின் முன்னால் அந்த நோக்கம் நிரூபிக்கப்படவில்லை. குற்றச்சாட்டிலும் அது எழுதப்படவில்லை. 2000 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஒரு விதியை வகுத்தது. முந்தைய தண்டனை என்ற ஒன்றைத் தவிர, சட்டம் சொன்ன உச்சவரம்புக்கு மேல் தண்டனையை ஏற்றும் எந்த உண்மையும் ஜூரியிடம் போக வேண்டும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ்.

அந்த விதியை எப்படி நிறைவேற்றுவது என்று தீர்ப்பு சொல்லவில்லை. அந்த முடிவு சட்டமன்றங்களின் தலையில் விழுந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் அவை போன வழிகள் ஒன்றுக்கொன்று முரணானவை. கூடுதல் தண்டனை என்ற ஏற்பாடு வேண்டும் என்று நினைக்கும் ஒரு மாநிலம் இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு. குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கும் ஜூரி அழைப்புக் கடிதம் வருகிறது. ஆகவே இதைத் தூரத்து விஷயம் என்று ஒதுக்க முடியாது.

பழைய ஏற்பாடு

2000-க்கு முன்பு பல இடங்களில் நடந்தது இதுதான்: குற்றவாளியா இல்லையா என்று ஜூரி சொல்லும், மற்றதெல்லாம் நீதிபதி பொறுப்பு. 1986-ல் பென்சில்வேனியா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே இதற்கு ஒப்புதல் தந்தது. குற்றம் செய்தபோது கண்ணில் படும்படி துப்பாக்கி வைத்திருந்தார் என்று நீதிபதி கருதினால் குறைந்தது ஐந்து ஆண்டு கொடுத்தாக வேண்டும் என்ற சட்டம் அது.

இந்த ஏற்பாட்டில் நல்லது இல்லாமல் இல்லை. நீதிபதி நூற்றுக்கணக்கான வழக்குகளைப் பார்த்தவர். எது வழக்கமான கொள்ளை, எது அளவுக்கு மீறிய கொடூரம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடியும். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அவர் முன் வரும் சரக்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள். நன்னடத்தை அதிகாரி தயாரிக்கும் அறிக்கை ஒன்று வரும். பெரும்பாலும் காவல்துறை ஆவணங்களிலிருந்து தொகுத்தது. யாரோ சொன்னதாக யாரோ சொன்னதும் அதில் இடம்பெறலாம். சொன்னவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய கட்டாயமில்லை. நிரூபணத்தின் அளவுகோலும் தளர்ந்தது. நடந்திருக்கும், நடந்திருக்காது என்ற இரண்டில் எந்தப் பக்கம் தட்டு சற்றே தாழ்கிறதோ, அது போதும். ஒருவரை நூறு டாலர் திருடினார் என்று தண்டிக்கவே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அதே ஆளை இன்னும் பத்து ஆண்டு உள்ளே வைக்க அது வேண்டாம் என்பது எனக்கு எப்போதும் ஏற்க முடியாததாகவே இருந்திருக்கிறது.

உச்சவரம்பை ஏற்றும் விஷயத்தில் இந்த வழி 2000-ல் அடைபட்டது. குறைந்தபட்சத் தண்டனை விஷயத்தில் 2013 வரை திறந்தே இருந்தது. அதை அடைத்தது அலைன் என்பவரின் வழக்கு. கடைப் பணத்தை வங்கியில் கட்டப் போன மேலாளரை வழிமறித்துக் கொள்ளையடித்த வழக்கு அது. வன்முறைக் குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதைக் காட்டி மிரட்டினால் 7, சுட்டால் 10 என்பது மத்தியச் சட்டம். துப்பாக்கியைப் பயன்படுத்தினார் அல்லது வைத்திருந்தார் என்பதைத் தீர்ப்புப் படிவத்தில் ஜூரி குறித்தது. காட்டி மிரட்டினார் என்று குறிக்கவில்லை. நன்னடத்தை அறிக்கை 7 ஆண்டு என்றது. அலைன் ஆட்சேபித்தார்: ஜூரி குறிக்காமல் விட்டதே அவர்கள் அதை நம்பவில்லை என்பதற்கு அடையாளம் என்று. காட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி 7 ஆண்டு கொடுத்தார். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, குறைந்தபட்சத்தை ஏற்றும் உண்மைக்கும் ஜூரி வேண்டும் என்றது.

காரணத்தை ஜூரியிடம் கொண்டு போவது

பிளேக்லி வழக்கு இந்த விவாதத்தின் நடுமையம். வாஷிங்டன் மாநிலத்தில், விவாகரத்து கேட்டிருந்த மனைவியைக் கத்தி முனையில் கடத்தி, கை கால்களைக் கட்டி, மரப்பெட்டிக்குள் அடைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டு போனார் ஒருவர். அரசுத் தரப்போடு பேசி, குறைந்த பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட உண்மைகளுக்கு மாநிலத்தின் தண்டனை அட்டவணைப்படி 49 முதல் 53 மாதம். அரசுத் தரப்பும் அதையே கேட்டது. மனைவி நடந்ததை விவரித்ததைக் கேட்ட நீதிபதி, வேண்டுமென்றே கொடுமை செய்தார் என்று சொல்லி 90 மாதம் விதித்தார். ஆட்சேபம் எழுந்ததும் மூன்று நாள் விசாரணை நடத்தி, 32 உண்மைகளைத் தானே பட்டியலிட்டு, அதே 90 மாதத்தை உறுதி செய்தார்.

அந்தப் பெண் அனுபவித்தது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பன்னிரண்டு பேர் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அவர்களைக் கேட்பதில் என்ன தடை? 2004 ஜூன் 24 அன்று வந்த தீர்ப்பில் நீதிபதி ஸ்காலியா, ஜூரியின் முடிவோ குற்றம் சாட்டப்பட்டவரின் ஒப்புதலோ எந்த அளவுக்குத் தண்டிக்க அனுமதிக்கிறதோ, அதுவே உண்மையான உச்சவரம்பு என்றார். அதாவது அட்டவணையின் மேல் எல்லையான 53 மாதம். சட்டப் புத்தகத்தில் அந்தக் குற்றத்துக்குப் பத்து ஆண்டு வரை கொடுக்கலாம் என்று இருந்தாலும் அது கணக்கில் வராது.

வாஷிங்டன் மாநிலம் 2005-ல் சட்டத்தைத் திருத்தியது. எந்தக் காரணத்துக்காகக் கூடுதல் தண்டனை கேட்கப் போகிறோம் என்று அரசுத் தரப்பு முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். ஜூரி அந்தக் கேள்விக்குத் தனியாக, ஒருமனதாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் கூடுதலாகக் கொடுப்பதா என்பதை நீதிபதி யோசித்து முடிவு செய்யலாம். கான்சாஸ் இதை இன்னும் முன்பே, பிளேக்லி தீர்ப்புக்கும் முன்னால், செய்துவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே விசாரணையில் கேட்பதா, முதலில் குற்றம், அப்புறம் கூடுதல் காரணம் என்று இரண்டு கட்டமாகக் கேட்பதா என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கே இதில்தான் திரும்பும். இவர் ஒரு கும்பலைச் சேர்ந்தவர், இனவெறிப் பேச்சு பேசியவர், ஏற்கெனவே சிறை சென்றவர் என்பதெல்லாம் முதலிலேயே ஜூரியின் காதில் விழுந்தால், அந்த இரவில் அங்கே இருந்தது இவர்தானா என்ற அடிப்படைக் கேள்வியே மங்கிப் போகும். நான் ஒரு மாநிலத்துக்கு ஆலோசனை சொல்வதாக இருந்தால், இரண்டு கட்டம் கேட்க உரிமை வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் கட்டத்தில் உட்கார்ந்த அதே பன்னிரண்டு பேர் ஏற்கெனவே சாட்சிகளைக் கேட்டவர்கள் என்பதால் இரண்டாவது கட்டம் பெரும்பாலும் நீளாது.

இந்த வழியில் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. "சிறுவன் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவனா?" என்று கேட்டால் ஜூரி பதில் சொல்லும். "இந்தக் குற்றம் வழக்கமான அளவைவிடக் கொடூரமானதா?" என்று கேட்டால் எப்படிச் சொல்லும்? அவர்கள் வாழ்க்கையில் பார்த்த ஒரே கடத்தல் வழக்கு அதுதான். வழக்கமானது எது என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நீதிபதிக்குத் தெரியும் என்ற பழைய வாதம் இங்கே பலமாகவே நிற்கிறது. ஆகவே சட்டம் எழுதுகிறவர்கள் கேள்வியை உடைத்துக் கொடுக்க வேண்டும். கட்டிப் போட்டாரா, பெட்டியில் அடைத்தாரா, அதைக் குழந்தை பார்க்கும்படி செய்தாரா என்று ஜூரியைக் கேளுங்கள். அவை உண்மைகள். அவற்றின் எடை எவ்வளவு, அதற்கு எத்தனை மாதம் என்பதை நீதிபதியிடம் விடுங்கள்.

வரம்பையே எடுத்துவிடுவது

இரண்டாவது வழி சாமர்த்தியமானது. உண்மை நிரூபிக்கப்பட்டால்தான் மேலே போக முடியும் என்ற பூட்டே ஜூரியை வரவழைக்கிறது. பூட்டைக் கழற்றிவிட்டால்? 5 முதல் 20 ஆண்டு வரை எதை வேண்டுமானாலும் நீதிபதி கொடுக்கலாம் என்றால், எந்த உண்மையும் வரம்பைத் தாண்ட வைப்பதில்லை. ஜூரிக்கு வேலையில்லை.

மத்திய நீதிமன்றங்கள் போன பாதை இது. புக்கர் என்பவரின் பையில் கிடைத்த போதைப்பொருள் 92.5 கிராம் என்று ஜூரி முன் சாட்சியம் வந்தது. அந்த அளவுக்கும் அவருடைய பழைய வழக்குகளுக்கும் சேர்த்து, அப்போது கட்டாயமாக இருந்த மத்தியத் தண்டனை வழிகாட்டி விதிகளின்படி 210 முதல் 262 மாதம். தண்டனை நாளில் நீதிபதி இன்னும் 566 கிராமைத் தானாகவே சேர்த்தார். விசாரணைக்கு இடையூறு செய்ததாகவும் முடிவு செய்தார். கணக்கு 360 மாதம் முதல் ஆயுள் வரை என்று ஏறியது. முப்பது ஆண்டு கொடுத்தார். 2005 ஜனவரி 12 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இரண்டு வெவ்வேறு பெரும்பான்மைகளாகப் பிரிந்தது. ஸ்டீவன்ஸ் பக்கம் ஐந்து பேர் இது தவறு என்றார்கள். பிரையர் பக்கம் ஐந்து பேர், சரி, அப்படியென்றால் வழிகாட்டி விதிகள் இனி கட்டாயமில்லை, வெறும் ஆலோசனை என்றார்கள். இரண்டு பக்கமும் இருந்தவர் நீதிபதி கின்ஸ்பர்க் ஒருவர்தான்.

விளைவைப் பாருங்கள். புக்கர் மாதிரி ஒருவருக்கு இன்றும் நீதிபதி அதே 566 கிராமை அதே தளர்ந்த அளவுகோலில் சேர்த்துக் கணக்குப் போடலாம். போட்டே ஆக வேண்டும் என்பதுதான் நடைமுறை. கணக்கில் தவறினால் மேல்முறையீட்டில் அடிபடும். வழிகாட்டிக்குள் விழும் தண்டனை நியாயமானது என்று மேல் நீதிமன்றம் அனுமானிக்கலாம் என 2007-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உரிமை வென்றது, ஆனால் வென்றவர் கையில் ஒன்றும் வரவில்லை.

இந்த வழியின் மிக மோசமான பக்கம், ஜூரி விடுவித்த குற்றத்தையே தண்டனைக்குக் காரணமாக எடுத்துக்கொள்வது. 1997-லேயே உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. வாஷிங்டன் நகரில் போதைப்பொருள் சதி வழக்கு ஒன்றில் பல மாதங்கள் உட்கார்ந்து சாட்சியம் கேட்ட ஜூரி, சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, சிறு விற்பனைகளுக்கு மட்டும் குற்றவாளி என்றது. நீதிபதி சதி நடந்தது என்றே வைத்துக்கொண்டு தண்டனை விதித்தார். ஜூரியில் இருந்த ஒருவர் மனம் பொறுக்காமல் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். தங்கள் சொந்த வாழ்க்கையை ஒதுக்கிவைத்து இந்த வேலையைச் செய்தோம், அதற்கு மதிப்பில்லாமல் போனதே என்பது அதன் சாரம். 2014-ல் அந்த வழக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தபோது ஸ்காலியா உட்பட மூன்று நீதிபதிகள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். கடைசியில் 2024 நவம்பர் 1 முதல், விடுவிக்கப்பட்ட நடத்தையை வழிகாட்டிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மத்தியத் தண்டனை ஆணையம் விதியை மாற்றியது. நல்ல மாற்றம். ஆனால் ஜூரியிடம் போகவே செய்யாத குற்றச்சாட்டுகளை அது தொடவில்லை.

கலிபோர்னியா இரண்டையும் செய்து பார்த்தது

இந்த ஒப்பீட்டுக்குக் கலிபோர்னியாவைவிட நல்ல சாட்சி கிடையாது. 1977 முதல் அங்கே பெரும்பாலான குற்றங்களுக்கு மூன்று எண்கள்: கீழ், நடு, மேல். நடுவில் உள்ளதுதான் இயல்பு. மேலே போக நீதிபதி காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கன்னிங்ஹாம் வழக்கில் அந்த மூன்று எண்கள் 6, 12, 16. நீதிபதி 16 கொடுத்தார். 2007 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது.

சட்டமன்றம் சுறுசுறுப்பாக இயங்கியது. மார்ச் 30-க்குள் செனட் மசோதா 40 சட்டமாகி அமலுக்கு வந்துவிட்டது. நடு எண் இயல்பு என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, மூன்றில் எதை வேண்டுமானாலும் நீதிபதி தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள். ஜூரியைக் கூட்டும் செலவில்லை, அரசியல் சட்டச் சிக்கலும் இல்லை. தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கி, காலக்கெடுவை நீட்டி நீட்டி, ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஓட்டினார்கள்.

2022 ஜனவரி 1 முதல் செனட் மசோதா 567 நேர் எதிர்த்திசையில் திருப்பியது. மேல் எண் வேண்டுமென்றால், அதற்கான உண்மையைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது ஜூரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானது என்று சொல்ல வேண்டும். ஜூரி வேண்டாமென்று அவர் நீதிபதியிடமே விசாரணை கேட்டிருந்தால் நீதிபதி அதே அளவுகோலில் சொல்ல வேண்டும். கேட்டால் இரண்டு கட்ட விசாரணை கிடைக்கும். அதே சாட்சியம் குற்றத்தை நிரூபிக்கவே தேவைப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இதைக் கேட்கவில்லை. சுலபமான வழியில் பதினைந்து ஆண்டு நடந்து பார்த்த மாநிலம், தானாகவே கடினமான வழிக்கு மாறியது. எனக்கு இந்த ஒரு செய்தி பல தீர்ப்புகளைவிடக் கனமாகத் தெரிகிறது.

பேரம் என்ற எதிர்வாதம்

ஜூரி வழிக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் பலமானது செலவு பற்றியது இல்லை. மத்தியக் குற்றத் தீர்ப்புகளில் 97 சதவீதமும் மாநிலங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிந்தவை என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. ஜூரியே உட்காராத உலகத்தில் ஜூரி உரிமையால் யாருக்கு லாபம்? அரசு வழக்கறிஞருக்குத்தான் என்றார் பிரையர். கூடுதல் காரணங்களைக் குற்றச்சாட்டில் அடுக்கிவைத்து, ஒப்புக்கொண்டால் இரண்டை எடுத்துவிடுகிறேன் என்று அவர் பேரம் பேசலாம். நீதிபதியின் கையில் இருந்த கடிவாளம் எதிர்த்தரப்பு வக்கீலின் கைக்குப் போய்விடும்.

இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. ஆனால் பிளேக்லியை மறுபடி பாருங்கள். 53 மாதத்துக்கு மேல் போகாது என்று நம்பி ஒப்பந்தம் போட்டவர் 90 மாதத்தோடு வெளியே வந்தார். பேரம் அங்கேயும் நடந்தது. ஒரு பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தது. கேட்கப் போகும் ஒவ்வொரு காரணமும் முதலிலேயே எழுத்தில் இருந்தால், எதற்காக எத்தனை ஆண்டு பயப்பட வேண்டும் என்றாவது ஒரு மனிதனுக்குத் தெரியும். அடுக்கிவைக்கும் ஆபத்தைக் குறைக்க, ஒரே உண்மையை வைத்து இரண்டு முறை ஏற்றக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதலாம்.

பழைய வழக்குகள்

அப்ரெண்டி விதியில் முந்தைய தண்டனைக்கு மட்டும் விலக்கு உண்டு. 1998-ல் வந்த ஒரு தீர்ப்பின் எச்சம் அது. ஆவணத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே, இதற்கு எதற்கு ஜூரி என்பது காரணம். ஆவணம் சொல்வது மிகக் குறைவு என்பது 2024 ஜூன் 21 எர்லிங்கர் தீர்ப்பில் வெளிப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்த ஒருவருக்கு, வெவ்வேறு சந்தர்ப்பங்களில் செய்த மூன்று பழைய குற்றங்கள் இருந்தால் குறைந்தது 15 ஆண்டு. எர்லிங்கரின் பழைய குற்றங்கள், பல ஆண்டுகளுக்கு முன்பு சில நாட்களுக்குள் நடந்த கன்னக்கோல் திருட்டுகள். அவை வெவ்வேறு சந்தர்ப்பங்களா, ஒரே தொடர்ச்சியா? நாள், இடம், நோக்கம் எல்லாம் பார்க்க வேண்டிய கேள்வி அது, ஆகவே ஜூரியிடம் போக வேண்டும் என்று நீதிபதி கோர்சச் எழுதினார்.

பழைய குற்றத்தை ஜூரியிடம் சொன்னால் அது புதிய குற்றச்சாட்டின் மீதும் நிழலாக விழுமே என்ற பயம் நியாயமானது. அதற்கும் மருந்து இரண்டு கட்ட விசாரணைதான். எர்லிங்கர் தீர்ப்பும் அதைக் குறிப்பிடுகிறது. இதில் நம் ஊர்ச் சட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்துவிட்டது. ஆனாலும் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 236-வது பிரிவு, முந்தைய தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்கும்போது, புதிய குற்றம் நிரூபணமாகும் வரை அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றது. நீதிபதியே அதைக் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்த சட்டம், பன்னிரண்டு சாதாரண மனிதர்களை எவ்வளவு கவனமாகப் பாதுகாத்திருக்கும்!

எதை எடுப்பது

ஒரு மாநிலத்தில் தண்டனை எல்லைகள் ஏற்கெனவே அகலமாக இருந்து, மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைகளை உண்மையிலேயே உரசிப் பார்க்கிறது என்றால், வரம்பை எடுத்துவிட்டு வழிகாட்டி விதிகளை வெறும் ஆலோசனையாக வைக்கும் வழி தாங்கும். விடுவித்த குற்றத்தைச் சேர்க்கக் கூடாது என்ற தடையையும், கூடுதல் உண்மைகளுக்குக் கடினமான அளவுகோலையும் சட்டமாகவே எழுதிவிட வேண்டும். தண்டனையைக் குறைக்கும் காரணங்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. இளம் வயது, நோய், வற்புறுத்தல் போன்றவற்றை நீதிபதி தாராளமாகத் தானே எடை போடலாம், அப்ரெண்டி விதி அங்கே வராது.

மற்ற எல்லா இடங்களிலும் நான் ஜூரி வழிக்கே கை தூக்குவேன்: எழுத்தில் முன்னறிவிப்பு, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய குறுகிய கேள்விகள், கேட்டால் இரண்டு கட்டம், எடை போடும் வேலை நீதிபதிக்கு. ஒப்புதல் வாக்குமூலத்தோடு முடியும் பெரும்பாலான வழக்குகளுக்கு இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும். ஒப்புக்கொள்ளும் நாளில், நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும், கூடுதல் தண்டனைக்கான ஒவ்வொரு உண்மையையும் தனித்தனியாகப் படித்து, இதையும் ஒப்புக்கொள்கிறீர்களா என்று அவரிடம் கேட்க வேண்டும். இதற்கு எத்தனை ஆண்டு கூடும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். அவர் இல்லை என்றால், அரசு பன்னிரண்டு பேரைக் கூட்டி நிரூபிக்கட்டும். அதற்கு மனமில்லையென்றால் அந்த ஆண்டுகளைக் கேட்காமல் விடட்டும்.